விரைவும் தெளிவும்

வணிகப் போட்டியில் வெற்றி பெருமுதல் உடையவருக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். போர்க்கலை வல்லார் கருத்து வேறு. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் மிக் விமானம் அமெரிக்கரின் சேபர் விமானத்தைவிட விரைவாக மேலெழும்பும் ஆற்றல் பெற்றிருந்தது. ஆயினும் சேபர் விமானி நாற்புறமும் தடையின்றிக் காண முடிந்தது. ஒரு திருப்பத்திலிருந்து மறு திருப்பத்துக்கு எளிதில் மாறவும் முடிந்தது. இதனை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படை அதிகாரி ஜான் பாய்டு, காணல், நிலை உணர்தல், துணிதல், செய்தல் என நான்கு படிகளை வகுத்தார். இச்சுற்றை விரைந்து முடிப்பவனுக்கு எதிரே நிற்பவன், கடந்துபோன நிலைமைக்கே விடை தேடிக்கொண்டிருப்பான் என்பது அவர் கொள்கை.

இதனை நமது வரலாற்றில் வைத்துப் பார்ப்போம். 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். முதலில் வாடகைக் கப்பலை ஓட்டினார்கள். ஆங்கிலக் கம்பெனி நெருக்கவே, கப்பல் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பல் வாடகைக்கு அமர்த்தப்பட்டது. சொந்தக் கப்பல் இல்லாததே தம் பலவீனம் என உணர்ந்த சிதம்பரனார், நாம் வாழும் இந்த மும்பைக்கே வந்து அதற்காக முயன்றார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. கண்டார், உணர்ந்தார், துணிந்தார், செய்தார்.

பின்னர் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. முடிவில் ஆங்கிலேயர் இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் வழங்கினர் என்பர். நட்டம் தாங்கும் வலிமையே இந்தக் களத்தில் ஆயுதம். அக்களம் எதிரி தேர்ந்தது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அரசின் அடக்குமுறையும் தலைவரின் பிரிவும் சேர, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

தாராவியில் தோல் பதனிடுதல் பெரும்பாலும் வெளியேறிய பின், நம்மவர் பலர் பை, பெல்ட், பணப்பை செய்வதில் முனைந்தனர். வாடிக்கையாளர் வாய்ச்சொல்லுக்கும் தோல் வெட்டும் கத்திக்கும் இடையே அங்கே இரண்டொருவரே உள்ளனர். பெரிய ஆலைக்கு வாய்க்காத விரைவு இது. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்று நாமும் குறைப்பது விரைவன்று, பதற்றம். அவர் விலையைக் குறைத்தால், நாம் சொன்ன நாளுக்கு முன்பே சரக்கைக் கொடுக்கலாம். அவர் செய்யாத அளவில், அவர் செய்யாத வடிவில் செய்து தரலாம்.

திருக்குறள் தெரிந்து செயல்வகையை முதலில் வைத்து, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றை அதன்பின் நிறுத்துகிறது. காலம் அறிவதற்கு முன் வலி அறியவேண்டும். நாம் இல்லாத நாளிலும் துணிந்து முடிவு செய்யத்தக்க ஒருவரைத் தொழிலில் பழக்கி வைக்கவும் வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் சிறுமுதலும் பெருமுதலின் எதிரே நிலைத்து நிற்கும்.