நான்கு பிணைச்சல்கள்

(நூற்றாண்டு நன்றித் திருப்பலியைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என் வயதையொத்தவர்கள் ஞானோபதேச வகுப்பிலே சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்தவர்கள். ஒரு சொல் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடவுளுடைய இலட்சணங்கள் எத்தனை என்று கேட்டால், ஆறு என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். அவர் யாராலும் உண்டாக்கப்படாமல் தாமாயிருப்பவர், தொடக்கமும் முடிவும் அற்றவர், உடல் அற்றவர், அளவில்லாத நன்மை நிறைந்தவர், எங்கும் இருப்பவர், எல்லாவற்றுக்கும் முதற்காரணமானவர். இதை இடைவேளையில் கேட்ட சைவத் தோழி ஒருத்தி, "உங்களுக்கு ஆறுதானோ? எங்களுக்கு எட்டு" என்பாள். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் வரும் எண்குணத்துக்குப் பரிமேலழகர் சைவ ஆகமத்தின்படி தரும் விளக்கத்தை அவள் படித்திருந்தாள். அதில் முதலாவது தன்வயத்தனாதல். எங்கள் தாமாயிருத்தலுக்கு அது எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பின்னாளில்தான் யோசித்தேன்.

இலட்சணங்கள் முடிந்து சில பாடங்கள் கழித்துத் தலையான புண்ணியங்கள் வரும். விவேகம், நீதி, திடம், மட்டுத்திட்டம் என்று நான்கு. கிறிஸ்துவுக்கு முன்னரே கிரேக்க ஞானி பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் இந்நான்கையும் பேசினார். சாலமோனின் ஞான நூல் 8ஆம் அதிகாரத்திலும் இவை ஒன்றாக வருகின்றன. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராயிருந்த புனித அம்புரோஸ் இவற்றுக்கு இட்ட இலத்தீன் பெயரின் வேர்ச்சொல் கதவுப் பிணைச்சலைக் குறிப்பது. கதவு எவ்வளவு பாரமானாலும் அது திறப்பதும் சாத்துவதும் பிணைச்சலிலேதான். அதுபோல மற்ற நற்குணங்களெல்லாம் இந்த நான்கிலே தங்கி இயங்குகின்றன.

ஆறையும் நான்கையும் வெவ்வேறு பாடங்களாகப் படித்தபடியால் இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தெரியவில்லை. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் அதை விளக்கியிருக்கிறார். இப்புண்ணியங்களின் மூலமாதிரி கடவுளிடமே இருக்கிறது என்பது அவர் போதனை. கடவுளுடைய ஞானமே விவேகத்தின் மூலம். என்றுமுள்ள தம் சட்டத்திலிருந்து அவருடைய செயல்கள் வழுவாதிருப்பது நீதியின் மூலம். அவருடைய மாறாத தன்மை திடத்தின் மூலம். அவர் தம்மிலே தாமே நிறைவாயிருப்பது மட்டுத்திட்டத்தின் மூலம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கடவுளுக்குப் பயமும் இல்லை, பசியும் இல்லை. எங்களுக்கு இரண்டும் உண்டு.

இந்த வித்தியாசத்தை நான் வீதியிலே படித்தேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சியை நோக்கி நடந்த இரவை இங்குள்ள பலர் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு அடி வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் நிற்கவேண்டும். மழை வேறு. எனக்குக் கைகால் நடுங்கியது. திடம் இல்லாதவள் என்று என்னை நானே நொந்துகொண்டேன். எனக்கு முன்னால் வகுப்புத் தோழி ஒருத்தி தன் அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனாள். வழியிலே நடக்க ஏலாமல் குந்தியிருந்த, முன்பின் தெரியாத ஒரு கிழவியைக் கண்டு நின்றாள். "அம்மா, கொஞ்சத்தூரம் நடப்பீங்களோ? இந்த ஆச்சிக்குச் சுத்தமா ஏலாது" என்றாள். தாயார் பேசாமல் இறங்கினார். ஆச்சியை ஏற்றியபின், இருந்த ஒரு போத்தல் தண்ணீரில் ஆளுக்கு ஒரு மிடறு தந்துவிட்டு மூடிவைத்தாள். ஹான்டிலைப் பிடித்திருந்த அவளுடைய கைகளைப் பார்த்தேன். என் கைகளைப் போலவே அவையும் நடுங்கின.

யாரால் எவ்வளவு தாங்கமுடியும் என்று அவள் கணித்தது விவேகம். ஏலாதவருக்கு உரிய இடத்தைக் கொடுத்தது நீதி. தண்ணீரை அளந்தது மட்டுத்திட்டம். நடுக்கத்தோடே இவ்வளவையும் செய்தது திடம். பயம் இல்லாதிருப்பது திடம் அல்ல என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

நான்கில் ஒன்று விலகினாலும் கதவு இறுகிவிடும். இதற்கும் நானே சாட்சி. காணிப் பங்கீடு ஒன்றிலே நியாயம் என் பக்கம் இருந்தது. அதையே சொல்லிக்கொண்டு கூடப்பிறந்தவரோடு பல வருடங்கள் பேசாதிருந்தேன். என் கையில் இருந்த நீதியில் இரக்கம் இருக்கவில்லை. கடவுளிடம் நீதி வேறு, இரக்கம் வேறு அல்ல. அவர் நன்மை உள்ளவர் மட்டுமல்ல, அவரே நன்மை என்பது திருச்சபையின் போதனை. எங்களிடத்திலேதான் அவை பிரிந்து நின்று சண்டை பிடிக்கின்றன. புனித அகுஸ்தீனார் இந்நான்கு புண்ணியங்களையும் அன்பின் நான்கு வடிவங்கள் என்றார். அதைப் படித்த பின்னர்தான் தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் முதலில் அழுகைதான் கேட்டது. காணியைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை.

இந்த மலரை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள். அவர்களில் யாருக்காவது எடுக்காமல் விட்ட தொலைபேசி அழைப்பு ஒன்று இருந்தால், இன்றைக்கே எடுக்கும்படி கேட்கிறேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். எங்கும் இருப்பவர் என்று நாங்கள் மனப்பாடம் செய்தவர் அங்கேயும் இருக்கிறார்.

 இறை ஆசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக.