காலனியிலிருந்து நகருக்கு

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் ஆற்றிய உரை)

 

புறநகர் வாழ்வைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். ஒசூரின் புறத்தே அமைந்த குடியிருப்பு ஒன்றில் 2011ஆம் ஆண்டு முதல் நாங்கள் குடும்பத்துடன் வாழ்ந்து வருகின்றோம். ஆகவே ஏட்டில் படித்ததைக் குறைத்து, வீட்டில் கண்டதையே மிகுதியாகச் சொல்ல விழைகின்றோம்.

ஒசூர் ஒரு காலத்தில் கேழ்வரகுக் கொல்லைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர். 1971இல் தமிழக அரசு தோற்றுவித்த சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகார ஆலையும் எழுந்தது. பின்னர் எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டி வளர்ந்தது. 2010இல் அங்கிருந்து பெங்களூருக்குள் செல்ல மேம்பாலச் சாலையும் திறக்கப்பட்டது. வாடகை குறைவு என்பதால் ஒசூரில் குடியிருந்து கர்நாடகத்தில் பணிபுரிவோர் பெருகினர். 2019இல் ஒசூர் மாநகராட்சியாயிற்று. கொல்லைகளெல்லாம் மனைகளாயின, மனைகளெல்லாம் ஏதோ ஒரு 'நகர்' ஆயின.

அந்த நகரின் ஒரு நாளைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே வீடுதோறும் குக்கர் சத்தம் எழும். ஆறு மணிக்குள் இளைஞர்கள் பிரதான சாலையில் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்து நிற்பார்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. தமிழ்ப் பலகைகள் முடிந்து கன்னடப் பலகைகள் தொடங்கும். எட்டரை மணிக்குப் பள்ளி வேன் சென்றுவிட்டால் தெரு ஓய்ந்துவிடும். பின்னர் கீரைக்கார அம்மையாரின் குரல் மட்டுமே கேட்கும். அவர் தெலுங்கில் கூவுவார். கன்னடத்தில் விலை சொல்வார். தமிழில் சில்லறை கேட்பார். இரவு எட்டுக்கும் ஒன்பதுக்கும் திரும்புவோர் கதவைச் சாத்திக்கொள்வர். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைவிட அவர் வண்டியின் எண்ணே நமக்கு நன்கு தெரியும்!

இந்த அமைதி நம் மக்களுக்கு எதைத் தந்தது? முதலில் நன்மையைச் சொல்லிவிடுவோம். ஊர் வேறு, காலனி வேறு என்று இருந்த இடத்தில், தெருவின் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். தபால்காரர்க்குத் தெரியும், தேநீர்க் கடைக்காரர்க்குத் தெரியும், பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர்க்கும் தெரியும். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றியோரை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுத்ததன் காரணம் நம் முதியோர்க்குச் சொல்லாமலே விளங்கும். நகரிலோ நமக்கு மனை எண் ஒன்றே அடையாளம். குழாயடியில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. இது சிறு விடுதலையன்று.

ஒரு சொல்லைப் பாருங்கள். நகரத்தில் 'ஆபீசர்ஸ் காலனி' என்றால் மதிப்பு. கிராமத்தில் 'காலனிக்காரன்' என்றால் வசை. 2025 ஏப்ரல் 29ஆம் நாள், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கின்றோம். ஆயினும் பலகையிலிருந்து நீங்கிய சொல் மனத்திலிருந்தும் நீங்கிற்றா?

நாங்கள் முதலில் வாடகைக்கு வீடு தேடிய கதை அதற்கு விடை சொல்லும். ஒரு வீட்டில் முன்பணம் பேசி முடித்து, சாவியும் கைக்கு வரும் வேளை. உரிமையாளர் மிகுந்த மரியாதையோடு, "சாருக்குச் சொந்த ஊர் எது?" என்றார். சொன்னோம். "ஊரில் எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னோம். "வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன், சார்" என்றார். அந்த வார்த்தை இன்றுவரை வரவில்லை. 1917இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிப் பரோடா சென்ற அண்ணல், பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லி விடுதியில் தங்கியதும், உண்மை தெரிந்தபின் தடி ஏந்தியோரால் வெளியேற்றப்பட்டதும் நாம் அறிந்தவை. இன்று தடி இல்லை. 'சார்' என்னும் மரியாதை இருக்கிறது. வீடு மட்டும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மூன்றாவதாகப் பார்த்த வீட்டின் உரிமையாளர் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் எதுவும் சொல்லவில்லை. அங்கே குடிபுகுந்தோம். இனிச் சொல்லப்போவது எங்கள் குறை. ஊர் வீட்டில் முன்னறையில் மாட்டியிருந்த அண்ணலின் படத்தை, இங்கே உள்ளறையில், கதவுக்குப் பின்னால் மாட்டினோம். மூன்றாண்டுகள் அங்கேதான் இருந்தது. அப்போது ஆறாம் வகுப்பில் பயின்ற எங்கள் மகள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, யாராவது வந்தால் மட்டும் அந்தக் கதவை ஏன் திறந்தே வைக்கிறோம்?" கதவு திறந்திருந்தால் படம் மறையும் என்பதைக் குழந்தை கண்டுபிடித்துவிட்டது. நூற்றுக்கணக்கான மாணவர்க்குத் துணிவைப் போதித்த தலைமையாசிரியர்க்கு அன்று விடை கிடைக்கவில்லை.

மறுநாள் படத்தை முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அதன்பின் கறிவேப்பிலை கேட்டு வந்துகொண்டிருந்த ஒரு வீட்டார் வருவதை நிறுத்திக்கொண்டனர். அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது வேறொன்று. எதிர்வீட்டில் குடியிருந்த பொறியாளர் ஒரு ஞாயிறு மாலை வந்தார். மூன்றாண்டுகளாகத் தலையசைப்போடு நின்ற பழக்கம். படத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "சார், எங்க வீட்டிலும் இந்தப் படம் இருக்குது, பீரோவுக்குள்ளே" என்றார்.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! எதிரெதிர் வீடுகள், இருபதடித் தெரு, ஒரே துயரம், மூன்றாண்டு மௌனம். ஊராருக்கு அஞ்சி ஒளிந்தோம் என்று நினைத்திருந்தோம், ஒருவருக்கொருவர் ஒளிந்துகொண்டிருந்தோம். நாம் அமைதி என்று மகிழ்ந்ததில் பாதி இதுதான்.

2016 செப்டம்பரில் காவிரிச் சிக்கலால் பெங்களூரில் கலவரம் மூண்டு, எல்லையில் பேருந்துகள் நின்றன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தனர். அவர்களுள் அந்தப் பொறியாளரும் ஒருவர். ஜூஜூவாடி வரை இருசக்கர வண்டியில் சென்று அவரை அழைத்து வந்தோம். பழைய மௌனம் நீடித்திருந்தால், அவர் கைப்பேசி எண்கூட எம்மிடம் இருந்திராது.

எல்லையோரம் வாழ்வோர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. வேலை அருகென்று சிலர் கர்நாடகப் பகுதிக்கே குடிபெயர்கின்றனர். ஒரு மாநிலத்தின் பட்டியல் இனத்தவர் வேறு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அம்மாநில அரசின் இடஒதுக்கீட்டை உரிமையாகக் கோர இயலாது என 1990இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதி செய்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பிள்ளைகளை எல்லை கடந்த பள்ளியில் சேர்க்குமுன் இவற்றையும் எண்ணுங்கள். சாதிச் சான்றிதழை உரிய காலத்தில் பெற்று வையுங்கள். நகரில் சாதியைச் சொல்ல நாணி, தாலுகா அலுவலகத்திற்கும் செல்லாதிருந்து, கல்லூரிச் சேர்க்கையின்போது கலங்கி நின்றோரை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இறுதியாக, நம் கழகத்திடம் வருவோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மாலை வகுப்பு தொடங்கியபோது, பாடம் சொல்லித்தந்தவர்கள் அதே தெருவில் வாழ்ந்த பட்டதாரிகள். இன்று பட்டதாரிகள் பன்மடங்கு; ஆனால் அவர்கள் நகர்களில் வாழ்கின்றனர். காலையிலும் மாலையிலும் பேருந்தில் கழியும் பொழுது அவர்களை விழுங்கிவிடுகிறது. மாலை வகுப்பின் பிள்ளைகளோ இன்னும் அதே தெருவில் காத்திருக்கின்றனர். வெளியேறியது தவறன்று, வெளியேறுவதற்காகவே படித்தோம். வந்த வழியை அடைத்துவிடுவதே தவறு.

ஆகவே நகர்வாழ் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டே. ஒன்று, திங்களுக்கு ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் மாலை வகுப்புக்குத் தாருங்கள். எதிர்வீட்டுப் பொறியாளர் கணிதம் எடுக்க இசைந்துள்ளார். அவர் இதோ அவையில் அமர்ந்திருக்கிறார். மற்றொன்று, பீரோவுக்குள் இருக்கும் படத்தை வெளியே எடுங்கள். எதிர்வீட்டில் யார் காத்திருக்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?