கட்டுத்தரையில் போகும் நேரம்

கொஞ்சம் நிலமும் இரண்டு கறவை மாடும் வைத்திருப்பவரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு" என்பார். கேட்பவருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை. வயல்வேலைக்கு நடுவே கிடைக்கிற ஓய்வில் நடக்கும் காரியம், கைச்செலவுக்குப் பால்காசு, அவசரத்துக்கு விற்க ஒரு கன்று என்றுதான் ஊரும் அதைப் பார்க்கிறது, கடன் கொடுக்கிற வங்கியும் பார்க்கிறது. ஆனால் கறவை மாடு ஒருநாளும் தன்பாட்டுக்கு இருப்பதில்லை. அதன் பாட்டைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் கட்டுப்பட்டுக் கிடக்கிறார், பெரும்பாலும் ஒரு பெண். அவருடைய நேரத்துக்கு விலை போடாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் போடுகிற எந்தக் கணக்கும் சரியாக வராது என்பதைத்தான் இன்று சொல்ல வருகிறேன்.

ஒரு சான்றை முதலில் பார்த்துவிடலாம். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களின் நிலையை ஆய்வு செய்தது. கையிலிருந்து பணமாகப் போன செலவை மட்டும் கழித்துப் பார்த்தபோது, ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கால்நடையால் வந்தது 1,582 ரூபாய். காசு கொடுத்து வாங்காமல் வீட்டிலிருந்தே போன இடுபொருளுக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கழித்தபோது, மொத்த வருமானம் 8,337 ரூபாயாக இறங்கியது. இந்த இறக்கத்தில் பயிர் வருமானம் 3,798-இலிருந்து 3,058 ஆனது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. கால்நடை வருமானமோ 441 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஏறக்குறைய முக்கால் பங்கு காணாமல் போயிற்று என்றால், அந்த லாபத்தின் பெரும்பகுதி வீட்டார் விலை போடாமல் கொடுத்ததுதான் என்று ஆகிறது.

இதை ஒரு மாட்டின் அளவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 2023 டிசம்பரில், ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆனது. நாளுக்கு எட்டு லிட்டர் கறக்கும் ஜெர்சி கலப்பின மாடு என்றால், கொழுப்பும் இதர சத்தும் குறையாத பட்சத்தில், 304 ரூபாய். உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்குமேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்பது பொதுவான கணக்கு. நாலரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. கிலோ முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூடக் கிட்டத்தட்டப் பாதிப் பணம் அங்கே போய்விடும். வைக்கோல், தாதுஉப்பு, சினை ஊசி, வைத்தியம் எல்லாம் மிச்சத்திலிருந்து. ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் பால் வற்றவிட வேண்டும். அப்போது வரவே கிடையாது, தீவனம் மட்டும் உண்டு. மறுபக்கம், சாணி அள்ளி, கட்டுத்தரை கழுவி, புல் அறுத்து, தண்ணீர் காட்டி, இருவேளை கறந்து, இருவேளை பால் சொசைட்டிக்கு நடந்து வர நாலைந்து மணி நேரம் ஆகும். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒரு நாள் கூலி 319 ரூபாய் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை புரியும்.

"அந்த நேரத்தில் வேறென்ன செய்யப் போகிறார்கள், சும்மா இருக்கும் நேரம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. பொருளாதாரம் படித்தவர்களும் இதையே கொஞ்சம் கனமான சொற்களில் கேட்பார்கள். நாலைந்து மணி நேரம் ஒரே துண்டாக வந்தால் இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும். அது விடிகாலையில் இரண்டு மணி, உச்சிக்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்றரை என்று நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. இடையில் மிஞ்சும் நேரத்தில் முழுநாள் கூலிக்குப் போக முடியாது. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் இரவு தங்க முடியாது. வேறு ஆளை விட்டுக் கறக்கலாமே என்றால், மாடு கை பார்க்கும். மடியைக் கழுவித் தடவியதும் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் வேலை செய்வது ஐந்து முதல் ஏழு நிமிடம்தான்; புது ஆளைக் கண்டு மாடு மிரண்டால் அதுவும் தடைப்பட்டு, பாலை அடக்கிக்கொள்ளும்.

உழைப்பைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று கவனிப்பு. கறவை மாடு சினைப்பிடிக்காவிட்டால் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அது பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் நீடிக்கும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி போட வேண்டும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். கத்தும் மாடாக இருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். வெயில் காலத்தில் கலப்பின மாடு பலவும் கத்தாது. தீவனத்தைப் பாதியில் விட்டிருக்கும், பால் அரை லிட்டர் குறைந்திருக்கும், வாலோரம் கண்ணாடி போன்ற சளி ஒட்டியிருக்கும். இருட்டோடு சாணி அள்ளுகிறவர் கண்ணில்தான் அது படும். தவறவிட்டால் இன்னும் 21 நாள், அடுத்த ஈத்தும் அதே அளவு தள்ளிப்போகும். நாளுக்கு நூறு ரூபாய் தீவனம் என்றாலும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் நஷ்டம். ஆக அந்த ஒரு பார்வையின் மதிப்பு ஏழெட்டு நாள் பால்காசு. மடிநோயும் இப்படித்தான்: முதல் பீச்சில் திரிதிரியாக வருவதைப் பார்த்துச் சொல்கிறவர் இருந்தால் ஒரு காம்பு பிழைக்கும்.

இவ்வளவு கஷ்டமென்றால் பெரிய பண்ணைகளிடமே விட்டுவிடலாமே என்பது அடுத்த வாதம். எந்திரக் கறவையும் மொத்தக் கொள்முதலும் செலவைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெரிய பண்ணை, புல்லையும் ஆளையும் முழுவிலை கொடுத்து வாங்க வேண்டும். சிறு வீட்டு மாடு வரப்புப் புல்லையும் சோளத்தட்டையும் கடலைக்கொடியையும் பாலாக்குகிறது, சாணியை அதே வயலுக்குத் திருப்புகிறது. 1998 முதல் உலகப் பால் உற்பத்தியில் இந்தியா முதலிடத்தில் இருப்பது இப்படிப்பட்ட இரண்டு மாட்டு வீடுகளை நம்பித்தான். அந்த மலிவில் ஒரு பங்கு, சம்பளம் வாங்காத உழைப்பிலிருந்து வருகிறது என்பதை மட்டும் மறைக்கக் கூடாது.

அப்படியானால் பால் விலையைக் கூட்டு என்கிறாயா, நகரத்து ஏழை எங்கே போவான் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, முழு நேரத்துக்கும் விலையிலேயே ஈடு கட்ட முடியாது. ஆனால் நேரத்தைக் கணக்கில் எடுத்தால், நேரத்தைக் குறைப்பதற்கும் மானியம் கேட்கலாம். இன்னொரு மாடு வாங்கக் கடன் கொடுப்பதைவிட, கட்டுத்தரைக்கு அருகிலேயே பத்து சென்டில் கோ-4 புல்லும் கொஞ்சம் வேலிமசாலும் போட உதவுவது பல வீடுகளுக்கு மேல். ஒரு சிறிய புல்வெட்டும் எந்திரம் தட்டு வீணாவதையும் கை வலியையும் குறைக்கும்; எந்நேரமும் தண்ணீர் நிற்கும் தொட்டி இருந்தால் குடம் தூக்கும் வேலை போகும், பாலும் கூடும். கால்நடைப் பயிற்சி முகாமைக் காலை கறவை நேரத்தில் வைக்காமல் பதினொரு மணிக்கு வைத்தால், கறக்கிறவரே வந்து உட்கார முடியும். சொசைட்டி உறுப்பினர் பெயரையும் மாற்ற வேண்டும். மகளிர் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கும் ஊர்கள் நீங்கலாக, பல வீடுகளில் பாஸ்புத்தகம் ஆண் பெயரில் இருக்கிறது. பொதுக்குழுவில் பேசவும் ஓட்டுப் போடவும் அவர்தான் போகிறார். போன மாதம் பால் ஏன் குறைந்தது என்று அங்கே யாராவது கேட்டால், வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்துதான் அவரால் சொல்ல முடியும்.