ட்ரெயிலரை யார் வீட்டுக்குக் கொண்டுவருவது?

(மெல்பேணில் வசிக்கும் எமது பழைய மாணவியரின் ஒன்றுகூடலில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இளைப்பாறியோரின் உடல்நலம் பற்றி ஏதாவது பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். கொலஸ்ட்ரோல், முழங்கால், கல்சியம் எல்லாம் உங்கள் வைத்தியரிடம் கேட்டுக் கேட்டு அலுத்த விடயங்கள். ஆகவே எங்கள் வகுப்புத் தோழிகளோடு கலந்து பேசி வேறொன்றை எடுத்துக்கொண்டோம். அண்மைக்காலமாக எங்கள் கிளினிக்கிற்கு வரும் அக்காமாரும் அத்தான்மாரும் ஒரே கதையைக் கொண்டுவருகிறார்கள். "தங்கச்சி, பென்சன் எடுத்தாச்சு. சின்ன ட்ரெயிலர் ஒன்றைக் காருக்குப் பின்னால கொழுவிக்கொண்டு அவுஸ்திரேலியாவை ஒரு சுற்றுச் சுற்றிவரப் போறம். ஆறு மாதத்துக்கு மருந்து எழுதித் தாங்கோ."

இதைக் கேட்க எங்களுக்கு உண்மையில் சந்தோசம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்த அக்காமார் இரவு வேலை பார்த்து, வீட்டுக் கடன் கட்டி, பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்கியவர்கள். அவர்கள் கண்ட அவுஸ்திரேலியா வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் இடையில் முடிந்துவிட்டது. இனியாவது நாட்டைப் பார்க்கட்டும்.

மருந்து எழுதித் தருவது சுலபம். அதற்கு முன் நாங்கள் அக்காமாரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். வழியில் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தால் ட்ரெயிலரை யார் வீட்டுக்குக் கொண்டுவருவது? அநேகமாக ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். "ஐயோ, அதெல்லாம் அவர்தான். நான் அதைத் தொடமாட்டன்."

பயமுறுத்துவதற்காகக் கேட்பதில்லை. இந்த நாட்டில் வாகனம் ஓட்டுவதற்கான மருத்துவத் தகுதி பற்றி வழிகாட்டி விதிகள் உள்ளன. மாரடைப்பு வந்த ஒருவர் குறைந்தது இரண்டு கிழமைக்கு வாகனம் ஓட்டக்கூடாது. பைபாஸ் சத்திரசிகிச்சை என்றால் நாலு கிழமை. பக்கவாதம் என்றாலும் நாலு கிழமை. முதன்முறையாக வலிப்பு வந்தவருக்கு ஆறு மாதம். இவை குறைந்தபட்சக் கணக்குகள். உயிர் தப்பி, ஸ்டென்ற் வைத்து, "இப்ப ஒன்றுமில்லை" என்று சிரித்துக்கொண்டு படுத்திருப்பவருக்கும் பொருந்துபவை.

நோயாளி எங்கே இருப்பார் என்பதையும் யோசியுங்கள். நெடுந்தெருவில் வருத்தம் வந்தால் பறக்கும் வைத்தியச் சேவை வந்து தூக்கிக்கொண்டு போகும். ஜோன் ஃபிளின் என்ற பாதிரியார் கனவு கண்டு, 1928 மே மாதத்தில் குயின்ஸ்லாந்தின் குளோன்கறியிலிருந்து முதல் விமானம் பறந்த சேவை அது. நள்ளாபோர் சமவெளியைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலையில் சில இடங்களில் தார் ரோட்டிலேயே கோடு கீறி வைத்திருப்பார்கள், விமானம் இறங்குவதற்கு. அருமையான சேவை, சந்தேகமில்லை. ஆனால் அந்த விமானத்தில் மனைவிக்கும் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அத்தான் பேர்த்திலோ அடிலெயிட்டிலோ டார்வினிலோ கட்டிலில் இருப்பார். அக்கா நடுவழியில், காருக்கும் ட்ரெயிலருக்கும் பக்கத்தில் நிற்பார்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இப்படி நடந்தது. பெயரும் ஊரும் வேண்டாம். அந்த அக்கா முப்பது வருடம் இரவு வேலைக்குத் தானே கார் ஓட்டிப் போனவர். மழையிலும் பனியிலும் ஒரு கீறல் விழவில்லை. ஆனால் ட்ரெயிலர் வாங்கிய நாளிலிருந்து ஒருநாளும் அதோடு ஓட்டவில்லை, ஒருவரும் ஓட்டச் சொல்லவுமில்லை. வடமேற்கில் அத்தானுக்கு வருத்தம் வந்தபோது ட்ரெயிலர் ஒரு ரோட்ஹவுஸின் பின்பக்கத்தில் ஐந்து கிழமை நின்றது. கடைசியில் மகன் லீவு போட்டு, விமானம் ஏறிப் போய்க் கொண்டுவந்தார். அத்தான் இன்று சுகம். மறுபடி போவோம் என்கிறார். அக்காதான் மாட்டேன் என்கிறார். வருத்தத்தை விட, வாகனத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாமல் நின்ற அந்தப் பகல்தான் அவருக்கு மறக்கவில்லை.

ஆகவே திட்டம் போடும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: இருவரில் எவரும் தனியே செய்யமுடியாத ஒன்றையும் வாங்க வேண்டாம்.

ட்ரெயிலரைத் தெரிவு செய்யும்போதே இது தொடங்குகிறது. கண்காட்சிகளில் கூடாரம் மடித்து விரிக்கும் ட்ரெயிலர்களை இரண்டு இளைஞர்கள் ஐந்து நிமிடத்தில் விரித்துக் காட்டுவார்கள். தோள்மூட்டு இறுகிய அறுபத்தாறு வயதுக்காரர் காற்றடிக்கும் மாலையில் அதைத் தனியே விரிக்கமுடியுமா என்று அங்கேயே செய்து பாருங்கள். படுக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புகிறவருக்கு ஏணி வைத்த படுக்கை சரிவராது. எங்களிடம் வரும் இடுப்பு எலும்பு முறிவுகளில் பல, இருட்டில் ரொயிலெற்றுக்குப் போனபோது நடந்தவை. இரவில் வெளிச்சம், கால் வைக்க உறுதியான படி, உள்ளேயே ஒரு சிறிய ரொயிலெற் ஆகிய மூன்றுக்கும் செலவழியுங்கள். வெளியே இழுக்கும் பந்தல், தொலைக்காட்சி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

அடுத்தது பாரம். வெற்று ட்ரெயிலரின் நிறைக்கும் அது தாங்கக்கூடிய முழு நிறைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. சிறிய ட்ரெயிலரில் அது முந்நூறு கிலோ அளவில் முடிந்துவிடலாம். நூறு லீற்றர் தண்ணீர் நூறு கிலோ. காஸ் சிலிண்டர், பற்றறி, கதிரை, மேசை... பிறகு எங்கள் சாமான்கள்! அரிசி மூட்டை, மிளகாய்த்தூள் போத்தல்கள், கிரைண்டர். கிரைண்டரை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லிச் சண்டை வாங்கியிருக்கிறோம். முழுவதும் ஏற்றியபின் பொது நிறுவைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காரின் கொழுவியில் தங்கவேண்டும் என்பது பொதுக் கணக்கு. பின்பக்கம் பாரம் கூடினால் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். அப்போது காரின் பிரேக்கைத் திடீரென மிதிக்கக்கூடாது. அக்சிலறேற்றரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டுப்பாடு இருந்தால் அதைக் கையால் அழுத்தவேண்டும். இதை ஓட்டுகிறவர் மட்டும் அறிந்திருந்தால் போதாது. பக்கத்தில் இருப்பவருக்கும் அந்தப் பொத்தான் எங்கே என்று தெரியவேண்டும்.

சாதாரண கார் அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் இங்கே இப்படியான சிறு ட்ரெயிலரை இழுக்கலாம். தனிப் பரீட்சை இல்லை. அதனால்தான் அக்காமார் பலருக்குத் தாங்களும் ஓட்டலாம் என்ற எண்ணமே வருவதில்லை போலும். நேரே ஓட்டுவது பெரிய காரியமில்லை. வளைவில் அகலமாக எடுக்கவும், முன்வாகனத்துக்கு இரண்டு மடங்கு இடைவெளி விடவும் பழகினால் சரி. பின்னால் எடுப்பதுதான் கண்ணீர் வரவைக்கும். அதற்கொரு சுகமான வழி இருக்கிறது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வையுங்கள். ட்ரெயிலரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போகவேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மிக மெதுவாக. பிழைத்தால் முன்னுக்கு எடுத்து மறுபடி. பாவாடை சட்டையோடு சைக்கிள் பழகி, வேலியில் மோதி எழும்பிய எங்களுக்கு இது பெரிதா?

இனிப் பாதை. எமது இலங்கையின் முழு நீளமே சுமார் 435 கிலோமீற்றர். எயர் நெடுஞ்சாலையில் சிடூனாவிலிருந்து நோர்ஸ்மன் வரை மட்டும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போவது போல. அதில் கைகுனாவுக்கும் பலடோனியாவுக்கும் இடையில் 146 கிலோமீற்றருக்கு மேல் ஒரு வளைவும் இல்லை. நித்திரை வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இறங்கி, கால் நீட்டி நடந்து, சாரதியை மாற்றுங்கள். கால் நரம்பில் இரத்தம் உறையாமலிருக்கவும் அது நல்லது. அக்காவுக்குப் பழக்கம் வருவதும் இப்படித்தான். அவசரத்தில் முதல்முறையாக ஸ்டியரிங்கைப் பிடிக்க வைக்காதீர்கள்.

மெல்பேணிலிருந்து போவதென்றால் சித்திரை மாதக் கடைசியில் புறப்படுவது நல்லது. போர்ட் ஒகஸ்ராவிலிருந்து ஸ்டுவர்ட் நெடுஞ்சாலையால் நடுநாட்டை ஊடறுத்து வடக்கே டார்வினுக்கு. ஜூன், ஜூலையில் அங்கே மழையில்லாத இதமான காலம். பிறகு மேற்கே புரூம், தெற்கே இறங்கிப் பேர்த். செப்ரெம்பரில் அங்கே காட்டுப் பூக்கள். நள்ளாபோரால் திரும்பி, ஐப்பசிக்குள் வீடு. நவம்பர் முதல் சித்திரை வரை வடக்கில் மழையும் சூறாவளியும்; அந்தக் காலத்தில் போகவேண்டாம். விடியற்காலையிலும் பொழுதுபடும் நேரத்திலும் கங்காருக்கள் ரோட்டுக்கு வரும். வெயில் இருக்கும்போதே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். வடக்கில் ஐம்பது மீற்றருக்கு மேல் நீளமான லொறித் தொடர்கள் வரும். அவற்றை முந்துவது உங்கள் வேலையில்லை.

மருந்துக்கு வருவோம். 2023 செப்ரெம்பர் முதல் நாட்பட்ட வருத்தங்களுக்கான பல குளிசைகளை ஒரே முறையில் 60 நாளுக்கு எடுக்கலாம். மிச்சத்தை மின்சீட்டாகக் கைத்தொலைபேசியில் வைத்திருந்தால் வேறு மாநிலத்து மருந்துக்கடையிலும் வாங்கலாம். ஆனால் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசி ஈசிஜி எல்லாவற்றையும் கடதாசியிலும் எழுதி காரின் முன்பெட்டியில் வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் கடதாசிதான் பேசும். இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பழுதாகும். சிறிய குளிர்பெட்டியின் உட்சுவரில் ஒட்டி உறைந்துபோனாலும் பழுதாகும். இன்சுலின் எடுப்பவர் ஓட்டத் தொடங்கமுன் சீனியைப் பார்க்கவேண்டும். ஐந்துக்கு மேல் இருந்தால்தான் ஓட்டலாம். நித்திரையில் மூச்சடைப்புக்கு இயந்திரம் பாவிப்பவர்கள், பற்றறி அதை இரவு முழுவதும் தாங்குமா என்று வீட்டு முற்றத்திலேயே இரண்டு இரவு படுத்துப் பாருங்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொன்று. வட அவுஸ்திரேலியாவின் மண்ணிலும் சேற்றிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது. எங்கள் இலங்கை மண்ணிலும் உண்டு. மழைக்காலத்தில்தான் அதிகம். நீரிழிவுக்காரரைத்தான் அது கூடுதலாகத் தாக்கும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கவேண்டாம். அங்கிருந்து வந்தபின் விடாத காய்ச்சலோ இருமலோ வந்தால் எங்கே போய்வந்தீர்கள் என்று வைத்தியரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். இங்கேயுள்ள வைத்தியர் கேட்காமலும் விடலாம்.

மெடிகெயார் அம்புலன்ஸ் செலவைக் கொடுப்பதில்லை. அதற்குரிய அங்கத்துவத்தையோ காப்புறுதியையோ புறப்படமுன் எடுங்கள். தொலைபேசி எடுபடாத இடங்களுக்கு, பொத்தானை அழுத்தினால் செய்மதி வழியாக இருப்பிடத்தை அறிவிக்கும் கருவி ஒன்று வாங்கிப் பதிவு செய்யுங்கள். அக்காவும் ஒருமுறை கையில் எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். சாப்பாடு பற்றி நாங்கள் சொல்லவேண்டியதில்லை. ஒன்று மட்டும்: மேற்கு அவுஸ்திரேலியாவின் எல்லையில் பழம், மரக்கறி, தேன் எல்லாவற்றையும் சோதித்து எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைக் கட்டோடு போய் அழாதீர்கள். காய்ந்த தூள்களும் பருப்பும் பிட்டு மாவும் போதும்.

"பேரப்பிள்ளையை ஆறு மாதம் யார் பார்ப்பது?" என்று பிள்ளைகள் முகத்தைத் தூக்குவார்கள். அது வைத்தியத்துக்குள் அடங்காது. ஆனால் எழுபத்தைந்தில் போகலாம் என்று தள்ளிவைப்பவர்களில் பலர் போவதில்லை என்பதை எங்கள் கிளினிக்கில் கண்டிருக்கிறோம்.

கனடாவிலும் இங்கிலாந்திலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் அக்காமாருக்குச் சட்டமும் தூரமும் மாறும். திறப்பு யார் கையில் என்ற கேள்வி மாறாது.

கடைசியாக ஓர் அறிவித்தல். எங்கள் வகுப்புத் தோழிகள் சேர்ந்து ஒரு சிறிய ட்ரெயிலரை ஒருநாளைக்கு வாடகைக்கு எடுக்க ஒழுங்கு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் முதலாம் சனிக்கிழமை காலை, இந்த மண்டபத்தின் பின்புறக் கார்த் தரிப்பிடத்தில் கொழுவ, கழற்ற, பின்னால் எடுக்கப் பழகலாம். பெயர் கொடுக்க விரும்பும் அக்காமார் தேநீர் வேளையில் வாசலில் உள்ள கொப்பியில் எழுதுங்கள். அத்தான்மாரும் வரலாம், வடையும் தேநீரும் உண்டு. அன்று அவர்களுக்கு ஸ்டியரிங் மட்டும் கிடையாது.