அடிமைகளும் சேர்ந்து வென்ற விடுதலை

(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

அமெரிக்கா இன்று பெரிய வல்லரசு. ஆனால் அதுவும் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மன்னனுக்கு வரி கட்டிக் கிடந்த நாடுதான். பதின்மூன்று காலனிகள் ஒன்றுசேர்ந்து 1775 முதல் 1783 வரை ஆயுதமேந்திப் போராடி விடுதலை பெற்றன. அந்தப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் வாஷிங்டனைச் சொல்வார்கள், ஜெபர்சனைச் சொல்வார்கள். நாம் இன்று பேசப்போவது பதின்மூன்றிலும் மிகச் சிறிய காலனியான ரோட் ஐலண்டின் மக்களைப் பற்றி. அதிலும் உழைத்து உருக்குலைந்த மக்களைப் பற்றி.

ரோட் ஐலண்டுக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது? நியூபோர்ட் துறைமுகத்து வியாபாரிகள் கரும்புப் பாகைக் காய்ச்சி ரம் சாராயம் வடித்தார்கள். அந்தச் சாராயத்தைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் மனிதர்களை வாங்கினார்கள். அந்த மனிதர்களை மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு விற்றார்கள். விற்ற பணத்தில் மறுபடியும் பாகு! இந்தச் சின்னஞ்சிறு காலனியின் கப்பல்கள் நூறாண்டுக் காலத்தில் அள்ளிச் சென்ற ஆப்பிரிக்க மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பாகுக்கு வரி போட்டு, சுங்கக் கப்பலை அனுப்பி வசூலிக்க முனைந்தது பிரிட்டன். வியாபாரிகளுக்குக் கோபம் வந்தது. 1772 ஜூனில் காஸ்பீ என்ற சுங்கக் கப்பலைக் கொளுத்தினார்கள். 1776 மே 4ந் தேதி, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு மாதம் முந்தியே, ரோட் ஐலண்டு சட்டசபை மன்னனுக்குக் காட்டிவந்த விசுவாசத்தை உதறித் தள்ளியது. துணிச்சலான செயல்தான்; மறுக்கவில்லை. ஆனால் பிரகடனம் செய்தால் போதுமா? துப்பாக்கி பிடிக்க ஆள் வேண்டுமே!

1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டைப் பிடித்துக்கொண்டது. 1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டனின் படை காலில் செருப்பில்லாமல், வயிற்றுக்குச் சோறில்லாமல் வாடியது. புதிதாகப் படையில் சேர ஆள் கிடைக்கவில்லை. அப்போதுதான் சட்டசபைக்கு அடிமைகளின் நினைவு வந்தது.

1778 பிப்ரவரியில் ஒரு சட்டம் செய்தார்கள். உடல் வலுவுள்ள அடிமை எவனும், கறுப்பனாயினும் செவ்விந்தியனாயினும், படையில் சேர்ந்தால் அப்போதே விடுதலை. அவனுடைய எஜமானனுக்கு 120 பவுன் வரை நஷ்டஈடு. கவனியுங்கள், தோழர்களே! ஆயுள் முழுவதும் கூலியின்றி உழைத்தவனுக்கு நஷ்டஈடு கிடையாது. உழைப்பைத் தின்றவனுக்கு நஷ்டஈடு!

அடிமைகள் தயங்கவில்லை. நான்கு மாதத்துக்குள் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். எஜமானர்கள் அலறினார்கள், ஜூன் மாதத்துக்குப் பிறகு புதிதாக அடிமைகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதற்குள் சேர்ந்தவர்கள், விடுதலை பெற்றிருந்த கறுப்பர்கள், நரகன்செட் பழங்குடியினர் ஆகியோரைக் கொண்டு கர்னல் கிறிஸ்டபர் கிரீன் தலைமையில் முதலாவது ரோட் ஐலண்டு படைப்பிரிவு அமைந்தது.

1778 ஆகஸ்ட் 29ந் தேதி அவர்களுக்குச் சோதனை வந்தது. உதவிக்கு வந்த பிரெஞ்சுக் கப்பற்படை புயலில் அடிபட்டு விலகிப் போய்விட்டது. அமெரிக்கப் படை பின்வாங்கிக் கொண்டிருந்தது. பின்வாங்கும் படையை நசுக்க, பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியச் சிப்பாய்கள் மீண்டும் மீண்டும் பாய்ந்தார்கள். சில மாதங்களுக்கு முன்வரை அடிமைகளாக இருந்தவர்கள் அவர்களைத் தடுத்து நிறுத்தினார்கள். படை பத்திரமாகக் கரை சேர்ந்தது. 1781 மே மாதம் நியூயார்க் பகுதியில் கர்னல் கிரீன் கொல்லப்பட்டபோது அவரோடு கறுப்புச் சிப்பாய்களும் மடிந்தார்கள். எஞ்சியவர்கள் அக்டோபரில் யார்க்டவுன் முற்றுகையிலும் நின்றார்கள். அங்கே சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி யார்? காரன்வாலிஸ்! அங்கே தோற்ற அதே ஆள்தான் 1786ல் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்து, 1793ல் வங்காளத்து விவசாயிகளின் தலையில் ஜமீன்தாரி முறையைக் கட்டினான்.

போர் முடிந்தது. உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

சம்பள பாக்கிக்குக் காகிதப் பத்திரம் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்காக அதை அடிமாட்டு விலைக்கு விற்றவர்கள் அநேகர். வாங்கிக் கொழுத்தவர்கள் லேவாதேவிக்காரர்கள். 1784ல் ரோட் ஐலண்டு ஒரு சட்டம் செய்தது: அவ்வாண்டு மார்ச் 1க்குப் பிறகு அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு விடுதலை உண்டு. தாய்க்கு? தாய் அடிமையாகவே இருப்பாள்!

பஞ்சாலைத் தோழர்களே, இனி வருவது உங்கள் கதை. 1790ல் ரோட் ஐலண்டின் பாட்டக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டரின் நூற்பாலை ஓடத் தொடங்கியது. முதல் தொழிலாளர்கள் யார் தெரியுமா? ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள்! பிற்காலத்தில் அந்த மாநிலத்து ஆலைகள் தென்பகுதி அடிமைகள் பறித்த பஞ்சை நூற்று, அந்த அடிமைகளுக்கே முரட்டுத் துணி நெய்து விற்றன. 1824ல் வேலை நேரத்தைக் கூட்டி, நெசவுக் கூலியில் கால்பங்கை வெட்ட முதலாளிகள் முயன்றபோது, பாட்டக்கெட் பெண்கள் தறியை விட்டு வெளியேறினார்கள். ஒரு வாரம் ஆலைகள் நின்றன. முதலாளிகள் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு, கசப்பான பாடம். 1840ஐ ஒட்டியும் அங்கே சொத்துள்ளவனுக்கே ஓட்டு. தாமஸ் டார் தலைமையில் ஓட்டுரிமை கேட்டு மக்கள் திரண்டார்கள். கறுப்பு மக்கள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டார்கள்! ஒதுக்கப்பட்டவர்கள் 1842ல் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். டாரின் கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிறகு ஆட்சியாளர்கள் கறுப்பர்களுக்கு ஓட்டளித்தார்கள். அயர்லாந்திலிருந்து வந்த ஆலைத் தொழிலாளிக்கு நிலம் இருந்தால்தான் ஓட்டு என்று 1888 வரை கதவை அடைத்தார்கள். ஒரு ஏழைக்குக் கொடுத்து இன்னொரு ஏழைக்கு மறுத்தார்கள். லாபம் யாருக்கு?

தோழர்களே! அந்நியன் போவது விடுதலையின் முதல் படி. அந்தப் படி ஏற ரத்தம் சிந்தியவன் பெயரைச் சரித்திரத்திலிருந்து அழிக்கிறவன், அடுத்த படியில் நாம் கால் வைக்காமல் தடுக்கிறான். ஆகவே ரோட் ஐலண்டின் அடிமைச் சிப்பாயை நினைவில் வைப்போம். நம் அணியில் எவரையும் வாசலில் நிறுத்தி வைக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நடப்போம்.