குளியலறைச் சுவரில் ஒரு மாடம்

மலைநாட்டுத் தோட்டங்களில் குளியல் என்றால் நெடுங்காலமாகப் பீலிக்கரைதான். மலைச்சரிவில் ஊறும் நீரைப் பீலியின் வழியே இறக்கி, அதன் கீழ் நின்று குளிப்பது வழக்கம். சவர்க்காரம் பக்கத்துக் கல்லின் மேல் இருக்கும். மாற்றுச் சேலை ஏதேனும் ஒரு கிளையில் தொங்கும். வருவோர் போவோர் கண்ணெதிரே, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, அட்டை கடித்த காலைத் தேய்த்துக் கழுவிக் குளிரில் நடுங்கியபடி குளித்த பெண்களுக்கு, குளியற் சாமான்களை எங்கே வைப்பது என்னும் கேள்வி எழுந்ததில்லை. எழவேண்டிய வேறு கேள்விகள் பல இருந்தன.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில் சமையலும் படுக்கையும் அடங்கிவிட்டால் அதுவே பெரிது, குளிக்க இடமேது? இன்றும் பல குடும்பங்கள் லயங்களில்தான் வாழ்கின்றன. எனினும் தனி வீடுகளும் எழுந்துள்ளன. இந்திய அரசின் நன்கொடைத் திட்டத்தில் தோட்டப் பகுதிகளுக்கென 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம். சதுர அடிக் கணக்கில் அது ஏறத்தாழ 1,900. அதில் எழும் சிறு வீட்டில் கதவுள்ள குளியலறை ஒன்றும் உண்டு. சில ஆண்டுகள் சென்றபின், கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தில் அந்த அறைக்கு டைல் பதிக்கவும் ஷவர் வைக்கவும் வீட்டார் முனைகிறார்கள். அப்போதுதான் சவர்க்காரத்துக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் இடம் தேடவேண்டியிருக்கிறது.

கடைகளில் மலிவாகக் கிடைப்பது கம்பித் தட்டு. ஹற்றன் பக்கத்து ஈரத்தில் அது விரைவில் துருவேறி, வெள்ளை டைலில் செங்கறையை வழியவிடும். உறிஞ்சி ஒட்டும் பிளாஸ்டிக் தட்டு வழவழப்பான டைலில் சில நாள் நிற்கும். பூச்சுச் சுவரில் ஒரு நாளும் நில்லாது. நள்ளிரவில் அது விழும் ஓசைக்கு வீடே விழித்துக்கொள்ளும். ஆகவேதான் சுவருக்குள்ளேயே மாடம் அமைக்கும் எண்ணம் பலருக்கு வருகிறது. எண்ணம் புதிதன்று. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பெயி நகரத்துப் பொதுக் குளியற்கூடங்களில், குளிப்போர் ஆடை வைப்பதற்கான மாடங்கள் இன்றும் சுவர்களில் வரிசையாக நிற்கின்றன. நம் மூதாதையர் விளக்கு வைத்த மாடமும் இந்த இனந்தான்.

ஆனால் அவை தடித்த சுவர்கள். இன்று பல வீடுகளின் சுவர் நான்கு அல்லது ஆறு அங்குலச் சீமெந்துக் கல்லால் ஆனது. பெரிய ஷாம்பூப் போத்தல் நிற்க மூன்றரை அங்குல ஆழமாவது வேண்டும். நாலங்குலச் சுவரில் அதைத் தோண்டினால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். ஆறங்குலச் சுவரிலும் கல் உள்ளீடற்றதாயின் ஆபத்துண்டு. வெட்டிய இடத்தில் நீர் கசிந்தால் அது கல்லின் பொள்ளலுக்குள் இறங்கி, மாடத்துக்கு வெகு கீழே, அடுத்த அறைச் சுவரின் அடியில் கறையாக வெளிப்படும். மூலம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் அரிசி மூட்டை நனைந்திருக்கும்.

இத்தகைய சுவருக்கு மாடம் கேட்பது அழகுக்காகப் பலத்தை விற்பதாகும். இரு சுவர் கூடும் மூலையில் முக்கோணக் கருங்கற் பலகையொன்றை, டைல் பதிக்கும்போதே ஓரங்குலம் உட்செலுத்திப் பொருத்திவிடுவது மேல். இடம் சற்றே இருந்தால், சுவருக்கு முன்னே இடுப்பளவு உயரத்தில் சிறு சுவர் எழுப்பி அதன் தலையையே தட்டாக்கலாம். தண்ணீர்க் குழாயும் அதற்குள் மறைந்துவிடும். அறை நாலைந்து அங்குலம் குறுகும், அவ்வளவே.

திடமான செங்கற் சுவராயின் மாடம் அமைக்கத் தடையில்லை. அப்போதும் காற்றுமழை நேரே மோதும் வெளிச்சுவர் ஆகாது. மாடம் குடைந்த இடத்தில் சுவர் மெலிந்து மேலும் குளிர்ந்திருக்கும். வெந்நீராவி அங்கே படிந்து துளியாகும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் அந்த ஈரம் எளிதில் காயாது, கரும்பூஞ்சை பிடிக்கும். உட்சுவரே தக்கது. ஓரடிக்கு மேல் அகலமானால் மேலே சிறு லிண்டல் வேண்டும். அடித்தளத்துக்கு ஒரே துண்டுக் கல்லை, கால் அங்குலம் முன்னோக்கிச் சரித்துப் பதித்தால் நீர் தேங்காது. நீர்க்காப்புப் பூச்சு டைலுக்கு முன்பே, மூலைகளில் இருமுறை பூசப்படவேண்டும். டைல் பதித்த பின்னர் மாடம் நினைவுக்கு வந்தால் அந்த வேலை இருமடங்கு, செலவும் அப்படியே.

இனி உயரம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஷவரின் கீழ் நின்று குளிப்பவருக்கு ஏற்றது ஏறத்தாழ நான்கடி. தோட்டத்து வீடுகளிலோ அடுப்பில் காய்ந்த வெந்நீரை வாளியில் கலந்து, சிறு முக்காலியில் அமர்ந்து குளிப்போரே பலர். நாள் முழுதும் கொழுந்துக் கூடையின் பாரம் தாங்கிய முதுகும் தோளும் உள்ளவருக்கு, சவர்க்காரத்துக்காக ஒவ்வொரு முறையும் எழுந்து கைநீட்டுவது சிறு துன்பமன்று. அவர்களுக்கு இரண்டடி உயரமே போதும்.

டிக்கோயாப் பக்கத்து வீடொன்றில் மேசன் நான்கடியில் கோடு கிழித்திருந்தார்.

“நாப்பது வருசமா கொழுந்து எடுத்த அம்மாவுக்கு அவ்வளவு ஒசரம் எட்டாதுங்கண்ணே,” என்றாள் மகள்.

“அப்ப அம்மாவையே கூப்பிடு தங்கச்சி.”

முதியவள் வந்து, பூச்சுக் காயாத அறையில் முக்காலியைப் போட்டு அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். விரல் பட்ட இடத்தில் மேசன் பென்சிலால் புதுக்கோடு போட்டார்.