அணுவின் எச்சமும் எமது காவலும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அணு என்றதும் ஹிரோஷிமாவை எண்ணி அஞ்சுவோரும் உளர்; மின்சாரத்தை எண்ணி மகிழ்வோரும் உளர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது இவ்விரண்டுமன்று. அணுவைப் பயன்படுத்தியபின் எஞ்சுவதை யார் காப்பது என்பதே எமது வினா.

இவ்வினா எமக்குப் புறம்பானதன்று. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்த காலத்தில், 1904இல், இம்மண்ணிலிருந்து தோரியனைற்று என்னும் புதுக்கனியம் வெளிப்பட்டது. அதனை ஆராய்ந்தே ஒற்றோ ஹான் என்னும் ஜேர்மானியர் லண்டன் மாநகரில் றேடியோதோரியத்தைக் கண்டார். 1938இல் ஸ்திராஸ்மன் என்பவருடன் சேர்ந்து, யூரேனிய அணு பிளவுபடுவதற்குச் சான்று கண்டவரும் அவரே.

கதிர்வீசும் பொருளை நெருப்பு அழிக்காது, அமிலமும் அழிக்காது. காலம் ஒன்றே தணிக்கும். அதன் வலிமை பாதியாகும் காலத்தை அரைவாழ்வு என்பர். அயடீன் 131க்கு அது 8 நாள். கோபாற்று 60க்கு ஐந்தேகால் ஆண்டு. சீசியம் 137க்கு 30 ஆண்டு. புளூட்டோனியம் 239க்கோ ஏறக்குறைய 24,000 ஆண்டு. ஆதலின் இங்கே துப்புரவு என்பது அழித்தலன்று. அள்ளிப் பிறிதோரிடத்தில் வைத்துக் காவல் காத்தலேயாம்.

1987இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட சிகிச்சை நிலையமொன்றிற் கிடந்த கருவியைச் சிலர் கழற்றிப் பழைய உலோகமாக விற்றனர். அதனுள் இருந்த சீசியத்தூள் நூறு கிராமுக்கும் குறைவே. இருளில் நீலமாய் ஒளிர்ந்த அதனை வியந்து, உற்றாரும் அயலாரும் பகிர்ந்துகொண்டனர். நால்வர் மாண்டனர். வீடுகளை இடித்து, மேல்மண்ணை வாரியெடுத்தபோது சேர்ந்த கழிவு ஏறக்குறைய 3,500 கனமீற்றர். 2010இல் டில்லி மாயாபுரியிலும் இத்தகைய கேடு நிகழ்ந்தது. 1985 முதற் பயன்படாதிருந்த சர்வகலாசாலைக் கருவியொன்று ஏலத்தில் விலைப்பட்டது. அதன் கோபாற்றினால் ஓர் உயிர் போயிற்று. இவ்விரண்டும் போர்க்கருவிகளல்ல, ஒன்று நோய் தீர்க்க வந்தது, மற்றது ஆராய்ச்சிக்கு வந்தது. வைத்த பொருளின் கணக்கை மறந்ததே கேடாயிற்று.

அதனாற் கதிரே வேண்டாம் என்பது பேதைமை. தெல்லிப்பழையில் 2013இல் திறக்கப்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையை நாடிச் செல்வோர் எமது உறவினரும் அயலவருமே. கதிரோடு பணிபுரிவோர் மூன்று விதிகளைக் காப்பர்: அருகில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், தூரத்தைக் கூட்டுதல், ஈயத்தையோ கொங்கிறீற்றையோ இடையில் வைத்தல். தூரம் இரட்டித்தால் தாக்கம் காற்பங்காகும்.

கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவில் கூடங்குளம் உளது. 2013 முதல் அங்கு மின்சாரம் பிறக்கிறது. பயன்பட்டுத் தீர்ந்த யூரேனியக் கோல்கள் அங்கேயே நீர்த்தடாகங்களிற் குளிர்விக்கப்படுகின்றன. 2015 பெப்ரவரியில் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கையிற் கதிர்க்கழிவு பற்றிய ஒத்துழைப்பும் அடங்கும். தாளில் உள்ளது நடைமுறையில் உளதா என்று கேட்பது எமது கடன்.

ஏனெனில், எமக்கு ஆறில்லை; கிணறே உண்டு. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களூடே ஊறும் நீரில், ஒருவர் விட்ட கழிவு மற்றவர் வாளியில் ஏறும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது இதனை நன்கு உணர்ந்தோம். 2019இலேதான் உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்தது. எண்ணெயாவது நிறத்தாலும் மணத்தாலும் தன்னைக் காட்டிற்று. கதிருக்கு நிறமில்லை, மணமுமில்லை. அளவுகருவியும் நேர்மையான பதிவேடுமே அதனைக் காட்டும்.

கதிர்ப்பொருளை வைத்திருப்போர் அனுமதி பெறவேண்டும் என்பது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம். சட்டம் மாத்திரம் காவலாகாது. எமது கரையில் எடுக்கப்படும் கதிர் அளவீடுகள் தமிழில், ஊரறிய, காலந்தோறும் வெளிவரவேண்டும். அவற்றை வாசித்து வீட்டாருக்கு விளக்கும் பொறுப்பு விஞ்ஞானம் பயிலும் எம்முடையது. இச்சங்கத்து வாலிபர்கள் அப்பொறுப்பை ஏற்கவேண்டுமென வேண்டி அமைகின்றோம்.